குளிர்பெட்டியில் ஆண் பூச்சிகள்

பட்டுப்பூச்சி வெளிவருவது விடியற்காலையில். அதனால் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் வித்தகத்தில் வேலை செய்கிறவர்களின் நாளும் இருட்டோடு தொடங்கிவிடும். கூட்டுப்புழுவின் ஓட்டை உடைத்துக்கொண்டு, ஈரச் சிறகோடு, வெளுத்த உடம்போடு பூச்சிகள் தட்டில் ஊர்ந்து வரும். பெண் பூச்சி வயிறு பெருத்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆண் பூச்சி மெலிந்து, சிறகை விடாமல் அடித்துக்கொண்டு வட்டமிடும். இரண்டையும் சேர்த்துவிட்டு மூன்று நான்கு மணி நேரம் காத்திருப்பார்கள். பிறகு கையால் பிரித்து, பெண்ணை முட்டைத் தாளில் வைத்து மூடி இருட்டில் விடுவார்கள். அடுத்த நாளைக்குள் அது நானூறு, ஐந்நூறு முட்டைகளை இட்டு முடித்திருக்கும்.

பிரித்தெடுத்த ஆணை எறிந்துவிடுவதில்லை. தட்டில் அடுக்கிக் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள். ஐந்து முதல் பத்து டிகிரிக் குளிரில் அது சிறகடிப்பதை நிறுத்திவிட்டு அசையாமல் கிடக்கும். மறுநாள் வெளியே எடுத்தால் மீண்டும் சிறகடிக்கும், இன்னொரு பெண்ணோடு சேரும். வெளியிலேயே விட்டிருந்தால் ஓயாத சிறகடிப்பிலேயே பாதி தீர்ந்திருக்கும். வித்தகத்துக்காரர்களுக்கு இது வெறும் சிக்கன ஏற்பாடு. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உயிரியலாளர்கள் விடாமல் கேட்டுவந்த ஒரு கேள்வியின் செய்முறை விளக்கமும் இதுதான்: ஒரு பூச்சி எத்தனை நாள் வாழும் என்பதை அதன் உடம்புக்குள் எரியும் தீ தீர்மானிக்கிறதா, வேறு ஏதாவதா?

இந்தக் கேள்வியை ஓசூரிலிருந்து கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு லாரி, இருசக்கர வாகனம், கைக்கடிகாரம் என்று வெளியுலகுக்கு இவ்வூர் தொழிற்சாலைகளால் அறிமுகமானது. ஆனால் கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நிலம் அதற்கு வெகு காலம் முன்பே மல்பெரி மண். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரிச் சமவெளியில் வெயில் வாட்டும்போதும் இங்கே புழு தாங்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இந்த வட்டாரத்தில், நாம் கூடு என்பதை மற்ற இரு மொழிக்காரர்களும் கூடு என்றே, முதல் எழுத்தை மட்டும் கொஞ்சம் அழுத்தி, சொல்கிறார்கள். மாநில எல்லை குறுக்கே ஓடினாலும் பட்டு ஒரே தொழிலாகத்தான் நடக்கிறது. 1990களின் தொடக்கத்தில் மத்திய பட்டு வாரியம் தன் மரபுவளக் காப்பகத்தை அமைத்ததும் ஓசூரில்தான். மத்திய பட்டு மரபுவள மையம் என்ற அந்த நிறுவனத்தின் வயலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகள் நிற்கின்றன. புழு வளர்ப்பு அறைகளில் பல நூறு பட்டுப்புழு இனங்கள் உயிரோடு காக்கப்படுகின்றன.

உயிரோடு என்பதில்தான் சிக்கல். நெல் விதையை உலர்த்தி உறைகுளிரில் வைத்தால் பல பத்தாண்டுகள் கிடக்கும். பட்டுப்புழு முட்டை அப்படிக் கிடக்காது. எவ்வளவு கவனமாகக் குளிரில் வைத்தாலும் ஏறத்தாழ ஓராண்டுக்குள் பொரிக்கவைத்தாக வேண்டும். தாண்டினால் உள்ளே கரு செத்துவிடும். ஆகவே இங்கே இருக்கும், முட்டை நிலையில் உறங்கும் வெண்பட்டு இனங்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது, அப்படி உறங்காத பல்தலைமுறை இனங்களை ஆண்டுக்குப் பல முறை, முட்டை, புழு, கூடு, பூச்சி, மீண்டும் முட்டை என்று சுற்றவிட்டே ஆக வேண்டும். எந்த ஒரு சுற்றும் தவறக் கூடாது. விதை வங்கி என்பதைவிட, அணையாமல் பார்த்துக்கொள்ளும் அடுப்பு என்று இதைச் சொல்லலாம். அந்த அடுப்பில் எரிவது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பள்ளிப் புத்தகத்தில் இழைமணி என்று படித்திருப்போம். ஆய்வாளர்களும் மருத்துவர்களும் மைட்டோகாண்ட்ரியா என்கிறார்கள். உணவிலிருந்து பிரித்தெடுத்த எலெக்ட்ரான்களை, சுவாசத்தில் வரும் ஆக்சிஜனிடம் படிப்படியாகக் கைமாற்றி, அந்த இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றலை ஏ.டி.பி. என்ற மூலக்கூறாகச் சேமிக்கும் இடம் அது. பூச்சிகளில் இதன் முக்கியத்துவம் நம்மிடம் உள்ளதைவிட வெளிப்படையானது. பறக்கும்போது பூச்சியின் ஆக்சிஜன் செலவு ஓய்வு நிலையைப் போல ஐம்பது, நூறு மடங்காக ஏறுகிறது. அதைத் தாங்க மூச்சுக்குழாய்க் கிளைகள் இரத்தத்தின் உதவியில்லாமல் நேராகத் தசைக்குள்ளேயே இறங்குகின்றன. சிறகுத் தசையின் கன அளவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மைட்டோகாண்ட்ரியாவே நிறைந்திருப்பதும் உண்டு. மனித வளர்ப்பில் பல ஆயிரம் ஆண்டு கழித்த பட்டுப்பூச்சி இப்போது பறப்பதில்லை. அதன் காட்டு உறவான மாண்டரினா பறக்கிறது. பறக்கத் தெரியாத சிறகானாலும் பெண்ணின் வாசனை பட்டதும் ஆண் அதை அடிக்கிறது. அந்த வாசனைப் பொருளைப் பிரித்தறிய ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனான்ட் ஐந்து லட்சம் பூச்சிகளின் சுரப்பிகளைச் சேகரிக்க வேண்டியிருந்தது. முடிவு வெளியானது 1959இல். ஆண் பூச்சிக்கு அதன் ஒரு துளியின் துளி போதும், இருக்கிற கொழுப்பையெல்லாம் சிறகில் எரித்துவிடும்.

பட்டுப்பூச்சிக்கு வாய் இருந்தும் பயனில்லை. எதையும் தின்னாது, குடிக்காது. புழுவாக இருந்த இருபத்தைந்து நாளில் உடல் எடையை ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு பெருக்கிக்கொண்டபோது சேர்த்ததுதான் முழு இருப்பு. அதில் கணிசமான பகுதி பட்டாகிக் கூட்டுக்குப் போய்விடுகிறது. எஞ்சியதைக்கொண்டு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். ஆயுள் என்பது எண்ணெயும் திரியும் சார்ந்த விஷயம் என்று நினைக்க இதைவிடப் பொருத்தமான பிராணி கிடைக்காது. அப்படித்தான் முதலில் நினைத்தார்கள்.

ஜெர்மனியின் மாக்ஸ் ரூப்னர் 1908இல் பாலூட்டிகளின் ஆயுளையும் ஆற்றல் செலவையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு உயிருக்கும் எரிக்க ஒரு குறிப்பிட்ட அளவு ஆற்றல்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது போன்ற ஒரு முடிவுக்கு வந்தார். 1917இல் ழாக் லோப், ஜான் நார்த்ராப் இருவரும் பழ ஈக்களை வெவ்வேறு வெப்பத்தில் வளர்த்து, குளிரில் ஆயுள் நீளுவதையும் சூட்டில் குறைவதையும் காட்டினார்கள். ரேமண்ட் பேர்ல் 1928இல் இதை வாழ்வின் வேகம் என்ற தலைப்பில் புத்தகமாக்கினார். வேகமாக எரிந்தால் விரைவில் அணையும். வித்தகத்துக் குளிர்பெட்டி பேர்ல் சொன்ன கொள்கைக்கு ஒத்துவருகிறது.

ஆனால் எரிவதற்கும் மூப்படைவதற்கும் என்ன தொடர்பு? 1956இல் டென்ஹாம் ஹார்மன் ஒரு விடை சொன்னார். எலெக்ட்ரான் கைமாறும்போது சில வழிதவறி ஆக்சிஜனோடு ஒட்டி, எதையும் தாக்கும் துணுக்குகளாகின்றன. புரதம், கொழுப்பு, டி.என்.ஏ. எல்லாவற்றிலும் அவை ஏற்படுத்தும் சேதம் சேர்ந்து சேர்ந்து மூப்பாகிறது. 1972இல் இன்னும் ஒரு படி போய், உயிரின் கடிகாரம் மைட்டோகாண்ட்ரியாதானா என்று கேள்விக்குறியோடு ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். கைக்கடிகாரம் செய்யும் ஊரில் உட்கார்ந்து அந்தத் தலைப்பை நினைத்தால் ஒரு சின்னப் புன்னகை வருகிறது. கடிகாரத்துக்கு உள்ளே பார்த்தால் பல்சக்கரம் தெரியும். இந்தக் கடிகாரத்துக்குள் அப்படி எளிதாக எதுவும் தெரியவில்லை.

ராஜிந்தர் சோஹல் என்ற அமெரிக்க ஆய்வாளர் வீட்டு ஈக்களைப் பறக்க இடமில்லாத சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்தார். அவற்றின் ஆயுள் கணிசமாகக் கூடியது. 1994இல் அவரும் வில்லியம் ஆரும் பழ ஈக்களில், ஆக்சிஜன் துணுக்குகளை அடக்கும் இரண்டு நொதிகளைக் கூடுதலாக உற்பத்தி செய்யவைத்து, ஆயுள் மூன்றிலொரு பங்குவரை நீண்டதாக அறிவித்தார்கள். மூப்பின் புதிர் அவிழ்ந்துவிட்டது என்ற உற்சாகம் அப்போது உலகம் முழுவதும் பரவியது. சத்து மாத்திரை விற்பவர்களுக்கு அந்த உற்சாகம் இன்றும் தீரவில்லை. அறிவியலில் தீர்ந்துவிட்டது. 2003இல் அதே ஆய்வகம், முதலிலிருந்தே நீண்ட ஆயுள் கொண்ட ஈ வகைகளில் இதைச் செய்துபார்த்தபோது பலன் கிடைக்கவில்லை என்று தானே எழுதியது. ஆயுள் குறைந்து நொண்டும் ஈயை நொதி தூக்கிவிட்டிருக்கிறது. நன்றாக வாழும் ஈக்கு அதனால் பயனில்லை. தன் முடிவைத் தானே திருத்தும் அந்த நேர்மையை நான் முதல் கண்டுபிடிப்பைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

புறாவும் கேள்வி எழுப்பியது. எலியும் புறாவும் ஏறத்தாழ ஒரே எடை, புறாவின் ஆற்றல் செலவு எலியைவிடக் குறைவில்லை. ஆனால் எலி நான்காண்டு, புறா முப்பத்தைந்து ஆண்டு. ஸ்பெயினின் குஸ்தாவோ பார்ஹா 1990களில் பார்த்தபோது புறாவின் மைட்டோகாண்ட்ரியாவில் எலெக்ட்ரான் கசிவு குறைவாக இருந்தது. எவ்வளவு எரிகிறது என்பதைவிட எவ்வளவு ஒழுங்காக எரிகிறது என்பது முக்கியம் போலும். அதற்கும் ஒரு திருகல்: 2009இல் பழ ஈயின் மைட்டோகாண்ட்ரியா இயந்திரத்தில் சில பாகங்களைச் செயற்கையாகச் சற்று முடக்கியபோது ஆயுள் நீண்டது. அளவான தொல்லை பட்டால் உயிரணு தன் பழுதுபார்க்கும் ஆட்களை வரவழைத்துக்கொள்கிறது. ஹார்மனின் துணுக்குகள் அழிவு வேலை மட்டும் செய்யவில்லை, எச்சரிக்கை மணியாகவும் வேலை செய்கின்றன.

இங்கேதான் ஓசூரின் முட்டைகள் என்னை யோசிக்கவைக்கின்றன. வெண்பட்டு இனத்தின் முட்டை, கரு சற்று வளர்ந்ததும் உறங்கிவிடும். ஆக்சிஜன் செலவு சரிந்துவிடும். தாய் கொடுத்த கிளைகோஜன் சார்பிட்டாலாகவும் கிளிசராலாகவும் மாறிக் கருவைக் காக்கும். ஹாருவோ சினோ என்ற ஜப்பானியர் 1958இல் காட்டியது இது. வசந்தம் வந்தால் அந்தச் சர்க்கரை மறுபடி கிளைகோஜனாகும், கரு விழிக்கும். அதே மரபணுக்கள், அதே மைட்டோகாண்ட்ரியா, முட்டைக்குள் பத்து மாதம் தாங்குகின்றன. அதுவே பூச்சியாக வந்தபின் பத்து நாளில் முடிந்துபோகிறது. அப்படியென்றால் அந்தச் சிறு உலைக்கு உள்ளேயே ஆயுளின் அளவு எழுதப்பட்டிருக்கவில்லை. எப்போது தணிக்க வேண்டும், எப்போது மூட்டிவிட வேண்டும் என்று வேறு ஏதோ ஆணையிடுகிறது.

அதைப் பரிணாமம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். விளக்கம் கொஞ்சம் நீளம். பீட்டர் மெடவர் 1952இல் சொன்ன கருத்து இது. இயற்கைத் தேர்வு ஒரு குறையைக் களைய வேண்டுமென்றால் அந்தக் குறை இனப்பெருக்கத்துக்கு முன்போ அதன் நடுவிலோ தலைகாட்ட வேண்டும். சந்ததியை விட்டுச் சென்ற பிறகு வரும் குறையைத் தேர்வால் பார்க்க முடியாது. ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957இல் இன்னொன்று சேர்த்தார்: இளமையில் நன்மை தந்து முதுமையில் தீமை செய்யும் மரபணுவை இயற்கைத் தேர்வு விரும்பியே வைத்துக்கொள்ளும். எதிரிகளால் சீக்கிரம் சாகிற உயிருக்கு உடம்பை நெடுங்காலத்துக்குப் பழுதுபார்த்துவைப்பது வீண் செலவு. பாதுகாப்பாக வாழ்கிற உயிருக்கு அது லாபம். புற்றுக்குள் அடைந்து கிடக்கும் கறையான் ராணி இருபது ஆண்டுவரை முட்டையிடுவதும், ஒரே வகை முட்டையிலிருந்து வந்தும் வேலைக்காரத் தேனீ கோடையில் ஆறு வாரத்தில் சாக, ராணித் தேனீ ஆண்டுக்கணக்கில் வாழ்வதும் இதனால்தான். லாரன்ட் கெல்லரும் மிஷேல் ஜெனூவும் 1997இல் கணக்கிட்டபோது, சமூகமாக வாழும் பூச்சிகளின் ராணிகள் தனித்து வாழும் பூச்சிகளைவிட ஏறத்தாழ நூறு மடங்கு ஆயுள் பெற்றிருந்தன. மைட்டோகாண்ட்ரியாவின் அடிப்படை இயந்திரம் எல்லாவற்றிலும் ஒன்றே.

இது கோட்பாடு மட்டும் அல்ல. மைக்கேல் ரோஸ் 1980களில், வயதான பழ ஈக்களின் முட்டைகளை மட்டும் எடுத்து அடுத்த தலைமுறையை வளர்த்துக்கொண்டே போனார். சில பத்துத் தலைமுறையில் ஈக்களின் ஆயுள் நீண்டுவிட்டது. எதிர்த்திசைச் சோதனை ஓசூரிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில், பெங்களூரு ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் நடந்தது. அமிதாப் ஜோஷியின் குழு 1990களிலிருந்து, சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் முட்டையிடும் ஈக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தது. அவசரத்துக்குப் பலியானது உடல். ஈக்கள் சிறுத்தன, கொழுப்புச் சேமிப்பு குறைந்தது, முட்டைகளும் குறைந்தன.

இந்தச் சோதனைகளை நினைத்துக்கொண்டு முட்டை வித்தகத்துக்குத் திரும்பினால் காட்சி வேறாகத் தெரிகிறது. முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை அங்கே சாகவிட்டுக் காத்திருப்பதில்லை. அரைத்து, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மூல வித்துக்கு ஒவ்வொரு தாயையும், வணிக வித்துக்கு மாதிரி எடுத்தும். பெப்ரின் நோயின் ஸ்போர்கள் தென்பட்டால் அந்த முட்டைகள் எரிக்கப்படும். லூயி பாஸ்டர் 1865இல் தெற்கு பிரான்சில் தொடங்கி 1870இல் புத்தகமாக வெளியிட்ட ஆய்வில் வகுத்த முறை இது. இன்றும் மாறவில்லை. மெடவர் தாளில் எழுதிய வாதத்தை வித்தகம் ஒவ்வொரு காலையும் செய்கிறது. முட்டையிடும் நாள்வரை தாய்க்கு எல்லாத் தேர்வும் உண்டு. மறுநாளிலிருந்து அதன் உடம்பு எப்படிப் பழுதாகும் என்பதைப் பார்க்க யாருமில்லை. பட்டுப்பூச்சியின் முதுமை நல்லதாகவோ கெட்டதாகவோ மாறப் பல ஆயிரம் ஆண்டாக ஒரு காரணமும் இல்லை. காட்டு மாண்டரினா இன்னொரு இரவும் பறந்து முட்டைகளைப் பல மரங்களில் இட்டால் லாபம் பார்க்கலாம். மனிதன் வளர்ப்பதற்கு அந்த லாபமும் கிடையாது.

பெப்ரின் கிருமியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. 1857இல் கார்ல் நேகெலி நோசிமா பாம்பிசிஸ் என்று பெயரிட்ட இந்த நுண்ணுயிர், மைக்ரோஸ்போரிடியா என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கு மைட்டோகாண்ட்ரியாவே இல்லை என்று நீண்ட காலம் நம்பினார்கள். 2002இல்தான் அவற்றில் ஒன்றினுள் மைட்டோகாண்ட்ரியாவின் சுருங்கிய எச்சம் கண்டுபிடிக்கப்பட்டது. எரிக்கும் வேலையை அது கைவிட்டுவிட்டது. இந்தக் குடும்பத்துக் கிருமிகள் தாங்கள் தங்கிய உயிரணுவின் ஏ.டி.பி.யை நேராகவே உறிஞ்சிக்கொள்கின்றன. அடுத்த வீட்டு அடுப்பில் சமைத்து வாழ்கிற உயிர். அது தாயின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பதும் கவனிக்கத் தக்கது. ஏனென்றால் தாய் முட்டையில் வைத்து அனுப்புகிற இன்னொரு சொத்து மைட்டோகாண்ட்ரியா.

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு. பட்டுப்புழுவில் அது ஏறத்தாழ 15,600 எழுத்து நீளமுள்ள ஒரு வளையம், அதில் 37 மரபணுக்கள். உயிரணுக் கருவில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வர, இந்த 37 மட்டும் தாயிடமிருந்து வருகின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் பாகங்களில் பெரும்பாலானவை கருவின் மரபணுக்களால் செய்யப்படுபவை. இரண்டு கையெழுத்தும் பொருந்தினால்தான் உலை ஒழுங்காக எரியும்.

இதிலிருந்து ஒரு விசித்திரம் பிறக்கிறது. தந்தையின் மைட்டோகாண்ட்ரியா எங்கும் போவதில்லை என்றால், ஆணுக்கு மட்டும் கேடு செய்கிற ஒரு பிறழ்வை இயற்கைத் தேர்வு எப்படிக் களையும்? களையாது. பெண்ணில் அது தொல்லை தராதவரை தாயிடமிருந்து மகளுக்குப் போய்க்கொண்டே இருக்கும், வழியில் பிறக்கும் மகன்கள் அதன் கேட்டை அனுபவிப்பார்கள். 1996இல் ஸ்டீவன் ஃபிராங்க், லாரன்ஸ் ஹர்ஸ்ட் இருவரும் சுட்டிக்காட்டிய இந்த வாதத்துக்கு 2004இல் தாயின் சாபம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் நியாயமில்லாதது. தாய் யாரையும் சபிக்கவில்லை, தந்தைக்குக் கொடுக்க வழியில்லை, அவ்வளவுதான். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

2012இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் டேமியன் டவ்லிங்கின் குழு இதைச் சோதித்தது. உலகின் பல பாகங்களிலிருந்து 13 வகை மைட்டோகாண்ட்ரியாவை எடுத்து, ஒரே கரு மரபணு கொண்ட பழ ஈக்களில் ஏற்றினார்கள். எல்லா ஈக்களும் மற்றெல்லாவற்றிலும் ஒன்றுதான், மைட்டோகாண்ட்ரியா மட்டும் வேறு. பெண் ஈக்களின் ஆயுளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆண் ஈக்கள் எந்த மைட்டோகாண்ட்ரியா என்பதைப் பொறுத்துச் சீக்கிரமோ தாமதமாகவோ மூப்படைந்தன. தேர்வின் கண் பெண் வழியே மட்டும் பார்த்ததன் தழும்பு ஆண்களின் உடம்பில் இருந்தது.

ஓசூர் விவசாயிகள் வளர்க்கும் புழுவில் இதற்கு நேரான ஏற்பாடு தினமும் நடக்கிறது. அதிகம் புழங்கிய ஒரு கலப்பினம் பியூர் மைசூர் பெண்ணும் சி.எஸ்.ஆர்.2 ஆணும் சேர்ந்தது. பியூர் மைசூர், மைசூர் நாட்டின் பழைய பல்தலைமுறை இனம். பச்சை கலந்த மஞ்சள் கூடு, பட்டு கொஞ்சம், ஆனால் சூட்டையும் நோயையும் தாங்கும். மைசூர் நாட்டுப் பட்டுத் தொழிலின் தொடக்கத்தைத் திப்பு சுல்தான் காலத்தோடு சேர்த்துப் பேசுவார்கள், அன்று இந்த எல்லைப் பகுதியும் மைசூர் ஆட்சிக்குள்தான் இருந்தது. சி.எஸ்.ஆர்.2, மைசூருவின் மத்திய பட்டு ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் 1990களில் உருவாக்கிய வெண்பட்டு இனம். வெள்ளைக் கூடு, நீண்ட இழை. இரண்டையும் எதற்காக இந்த வரிசையில் சேர்க்கிறார்கள் என்று கேட்டால் யாரும் மைட்டோகாண்ட்ரியா என்று சொல்லமாட்டார்கள். முட்டை உறங்குமா உறங்காதா என்பதைத் தாய் தீர்மானிக்கிறது. உறக்க ஹார்மோனைத் தாயின் நரம்பு முடிச்சு சுரக்க, முட்டை உருவாகும்போதே அது தன் வேலையைச் செய்துவிடுகிறது. ஜப்பானியர்கள் 1951இலேயே கண்டது இது. உறங்காத தாயாகப் பியூர் மைசூரை வைத்தால் முட்டை பத்து நாளில் பொரித்துவிடும், விவசாயிக்கு உடனே புழு. சி.எஸ்.ஆர்.2ஐத் தாயாக வைத்தால் முட்டை தூங்கிவிடும், அதைச் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் நனைத்து எழுப்ப வேண்டும். வசதிக்காக எடுத்த அந்த முடிவின் துணைவிளைவாக, இந்த வட்டாரத்தில் வளர்ந்த அந்தக் கலப்பினப் புழு அத்தனையும் மைட்டோகாண்ட்ரியாவில் சுத்தமான மைசூர்க்காரி. ஜப்பானிய வழி வந்த நீண்ட இழை தந்தையிடமிருந்து, உலை தாயிடமிருந்து. வெண்பட்டுக் கலப்பினங்கள் பரவப் பரவ அந்த உலையும் மாறிக்கொண்டிருக்கிறது. அதைக் குறித்துவைப்போர் குறைவு.

பட்டுப்பூச்சியை இந்த ஆய்வுக்கு ஈயைவிடச் சிறந்த பிராணியாக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. ஈயிலும் நம்மிலும் ஆணுக்கு எக்ஸ் ஒய், பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். அந்துப்பூச்சிகளில் தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. இரட்டைப் பாலின நிறப்புரி கொண்ட பால் பொதுவாக அதிகம் வாழ்கிறது என்று 2020இல் 229 இனங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று சராசரியாக 17.6 சதவீத வேறுபாட்டைக் காட்டியது. அதனால் ஆண் பெண் ஆயுளை நேராக ஒப்பிட்டு மைட்டோகாண்ட்ரியாவின் கையைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பியூர் மைசூர் தாய், சி.எஸ்.ஆர்.2 தந்தை என்று ஒரு கலப்பையும், தாய் தந்தையை மாற்றி இன்னொரு கலப்பையும் செய்தால், இரண்டிலும் பிறக்கும் ஆண் பூச்சிகளின் கரு மரபணுக்கள் அச்சாக ஒன்றாக இருக்கும். இரண்டு இனத்திடமிருந்தும் ஒவ்வொரு பிரதி, ஒவ்வொரு இசட். மாறுவது மைட்டோகாண்ட்ரியாவும் தாய் முட்டையில் வைத்த ஊட்டமும்தான். பழ ஈயில் இதைச் செய்தால் ஆண்களின் எக்ஸும் ஒய்யும் இடம் மாறிவிடும், கணக்கு குழம்பும். தாயின் சாபத்தை ஆண்களிடம் தேட ஆண்களே சுத்தமான ஒப்பீடாக அமையும் உயிரினம் பட்டுப்பூச்சி.

முட்டை ஊட்டத்தின் குழப்பத்தையும் நீக்கலாம். சி.எஸ்.ஆர்.2 தாயின் மகள்களைப் பியூர் மைசூர் ஆண்களோடு சேர்த்து, அவர்களின் மகள்களை மறுபடி பியூர் மைசூரோடு சேர்த்து, இப்படிப் பத்துத் தலைமுறை போனால் கருவின் மரபணுக்களில் 99.9 சதவீதம் பியூர் மைசூராகிவிடும், மைட்டோகாண்ட்ரியா மட்டும் சி.எஸ்.ஆர்.2. பெண்களோடு டபிள்யூவும் ஒட்டிக்கொண்டே வரும், ஆனால் மகன்களுக்கு அது கிடையாது. ஆண்டுக்கு ஐந்து ஆறு தலைமுறை எடுக்கும் இனத்தில் இது இரண்டாண்டு வேலை. அதற்கு வேண்டிய இனங்கள், அறைகள், கலப்பைத் தலைமுறை தலைமுறையாகப் பிசகாமல் எழுதிவைக்கும் பழக்கம், எல்லாமே அந்த மரபுவள மையத்தில் அன்றாட வேலையின் பகுதி. கூடுதலாக வேண்டியது, முட்டை வேலை முடிந்த பிறகும் பூச்சிகளைச் சாகும்வரை எண்ணும் ஒருவர்.

அந்த எண்ணிக்கையில் வித்தகத்துக்கும் ஒரு ஆதாயம் இருக்கிறது. பெண் பூச்சி ஒரு நாள் கூடுதலாக வாழ்வதால் யாருக்கும் லாபமில்லை. ஆண் பூச்சி இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் தெம்பாக இருந்தால் வித்தகத்துக்கு ஆண் கூடுகள் மிச்சம். அந்துப்பூச்சியின் நீண்ட ஆயுளை மனிதன் விரும்பும் ஒரே இடம் அந்தக் குளிர்பெட்டி. அங்கே நன்றாகத் தாங்கிய ஆணைப் பார்த்து, இதன் வம்சத்தை வைத்துக்கொள்வோம் என்று யாராவது தேர்ந்தெடுத்தால், கருவின் மரபணுக்கள் சிலவற்றில் பலன் கிடைக்கலாம். மைட்டோகாண்ட்ரியாவில் கிடைக்காது. அந்த ஆணைத் தாங்கவைத்த உலை, அதன் தாய் கொடுத்தது. அதன் அக்கா தங்கைகளிடம் அதே உலை இருக்கிறது, முட்டைத் தாளின் மேல், இருட்டில். தேடுவதானால் அந்தத் தாளின் எண்ணைக் குறித்துக்கொண்டு அங்கே போக வேண்டும்.